சிறந்த ஆய்வுக் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது யார்?

2017 டிசம்பரில் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் நிப்ஸ் மாநாடு கூடியது. இப்போது அதற்கு நியூரிப்ஸ் என்று பெயர். கணினிகளைத் தாமே கற்கவைக்கும் முறைகளை ஆராய்பவர்களுக்கு உலகின் முதன்மையான கூட்டங்களில் ஒன்று அது. அந்த ஆண்டு 3,240 கட்டுரைகள் வந்தன, 679 ஏற்கப்பட்டன, அவற்றில் மூன்று ‘சிறந்த கட்டுரை’ விருது பெற்றன. கூகுளில் பணிபுரிந்த எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய ‘அட்டென்ஷன் இஸ் ஆல் யூ நீட்’ என்ற கட்டுரையும் அந்த 679-இல் இருந்தது. விருது பெற்ற மூன்றில் அது இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் என்ற வலையமைப்பை முதன்முதலில் விவரித்த கட்டுரை அது. சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலிகள், கணினி மொழிபெயர்ப்பு, நிரல் எழுதித்தரும் கருவிகள் என்று இன்று நாம் காணும் பலவும் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

இதைக் கேட்டதும் தேர்வுக்குழு தவறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது நியாயமல்ல. விருது பெற்ற மூன்றும் தரமானவை. அவற்றில் ஒன்றை எழுதிய நோம் பிரவுன், டுவோமாஸ் சாண்ட்ஹோம் இருவரும் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற நிரல் அதே ஆண்டு ஜனவரியில் போக்கர் சீட்டாட்டத்தில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. எதிராளியின் சீட்டு தெரியாத ஆட்டத்தில் கணினி எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கட்டுரை வழி காட்டியது. யாரும் அலட்சியமாக இருந்துவிடவில்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அறிவாளிகள் சிலர் சில வாரங்கள் உட்கார்ந்து படித்தால் எதைத் தீர்மானிக்க முடியும், எதைத் தீர்மானிக்க முடியாது? கிடைத்திருக்கும் சான்றுகள் ஒரு திசையையே காட்டுகின்றன. நல்ல கட்டுரைகளின் கூட்டத்தை ஏறத்தாழ அடையாளம் காணலாம். அந்தக் கூட்டத்துக்குள் முதலிடம் யாருக்கு என்று சொல்லும் ஆற்றல் எந்தக் குழுவுக்கும் இல்லை. ஆகவே, இந்தக் கட்டுரையைத் தவறாமல் படியுங்கள் என்ற பரிந்துரையாக விருதை வழங்க வேண்டும். வாங்குபவரும் பார்ப்பவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாநாட்டு விருதுக்கு ஏன் இத்தனை கவனம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மருத்துவம், வேதியியல், வரலாறு போன்ற துறைகளில் மாநாடு என்பது பெரும்பாலும் சந்திப்பு. அங்கே சுருக்கம் வாசிப்பார்கள். முழு ஆய்வு பின்னர் ஆய்விதழில் வரும். கணினி அறிவியலில் நிலைமை வேறு. துறை வேகமாக ஓடுவதால் ஆய்விதழின் நீண்ட காத்திருப்பு அதற்கு ஒத்துவரவில்லை. முழுக் கட்டுரையையே மாநாட்டுக்கு அனுப்பி, மதிப்பாய்வு முடிந்து, மாநாட்டுத் தொகுப்பில் வெளியிடும் வழக்கம் பல பத்தாண்டுகளாக நிலைத்துவிட்டது. வேலைக்கு எடுக்கும்போதும் பதவி உயர்வின்போதும் நல்ல மாநாட்டில் ஏற்கப்பட்ட கட்டுரை, ஆய்விதழ்க் கட்டுரைக்கு நிகராகவே எண்ணப்படுகிறது. அதன் மேல் ஒரு விருதும் இருந்தால் முனைவர் பட்ட மாணவரின் அடுத்த பத்து ஆண்டுகளுக்கான பாதையே மாறக்கூடும். தன்விவரக் குறிப்பில் ஒரே வரிதான். ஆனால் நூறு விண்ணப்பங்களைப் புரட்டுபவரின் கண் அந்த வரியில்தான் நிற்கும்.

தேர்வு நடக்கும் முறை மாநாட்டுக்கு மாநாடு சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். வரும் ஒவ்வொரு கட்டுரையையும் மூன்று நான்கு மதிப்பாய்வாளர்கள் படித்து மதிப்பெண் இடுகிறார்கள். குறை நிறைகளை எழுதுகிறார்கள். இவர்கள் ஊதியம் வாங்காமல், தங்கள் சொந்த ஆய்வுக்கு நடுவே இந்த வேலையைச் செய்யும் சக ஆய்வாளர்கள். அவர்களுக்கு மேலே ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்து, மதிப்பெண்களையும் வாதங்களையும் சேர்த்துப் பார்த்து ஏற்பதா மறுப்பதா என்று பரிந்துரைக்கிறார். பல மாநாடுகளின் மதிப்பாய்வுப் படிவத்திலேயே ‘இதை விருதுக்குப் பரிசீலிக்கலாமா’ என்ற கேள்வி இருக்கும். அந்தப் பரிந்துரைகளிலிருந்தும் உயர்ந்த மதிப்பெண்களிலிருந்தும் ஒரு சிறு பட்டியல் உருவாகிறது. பிறகு மூத்த ஆய்வாளர்கள் சிலரைக் கொண்ட விருதுக்குழு அந்தப் பட்டியலைப் படித்து, விவாதித்து, முடிவெடுக்கிறது. வேட்பாளரின் ஆசிரியராகவோ, அண்மையில் அவரோடு சேர்ந்து எழுதியவராகவோ, அதே நிறுவனத்தில் பணிபுரிபவராகவோ இருப்பவர் அந்தக் கட்டுரையைப் பற்றிய பேச்சிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான விதி. இதில் ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஒரு குறிப்பிட்ட கட்டுரையின் உட்பிரிவில் ஆழ்ந்த தேர்ச்சி உடையவர் அவர்களில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மற்றவர்கள் கட்டுரையின் தெளிவு, முந்தைய மதிப்பாய்வுகளின் தொனி, தலைப்பின் புதுமை ஆகியவற்றை வைத்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

விருதுகளின் எண்ணிக்கையில்தான் மாநாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. சில மாநாடுகள் ஒன்றோ இரண்டோ தருகின்றன. மனிதர் கணினியைப் பயன்படுத்தும் விதத்தை ஆராயும் சி.எச்.ஐ. மாநாடு, வந்த கட்டுரைகளில் முதல் 1 சதவீதத்தைச் சிறந்தவை என்றும், முதல் 5 சதவீதத்துக்குள் வரும் மற்றவற்றைச் சிறப்புக் குறிப்புக்கு உரியவை என்றும் அறிவிக்கிறது. நிரல்மொழி ஆய்வாளர்களின் சிக்பிளான் அமைப்பும் மென்பொருள் பொறியியலாளர்களின் சிக்சாஃப்ட் அமைப்பும் தங்கள் மாநாடுகளில் ஏற்கப்பட்டவற்றில் 10 சதவீதம் வரை ‘தனிச்சிறப்புக் கட்டுரை’ என்று அறிவிக்க இடம் தருகின்றன. கோட்பாட்டுக் கணினியியலின் ஸ்டாக் மாநாட்டில் முழுநேர மாணவர்கள் மட்டுமே எழுதிய கட்டுரைகளுக்கென்று டேனி லெவின் பெயரில் ஒரு விருது இருக்கிறது. அதே மாநாட்டில் மாணவராகத் தம் ஆய்வை வெளியிட்டு, பிறகு அக்காமாய் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உயிரிழந்தவர் அவர். இந்த எண்களை எந்த இயற்கை விதியும் தீர்மானிக்கவில்லை. ஒரு விருதா, பத்து சதவீதமா என்பது அந்தந்தச் சமூகம் விருதிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைப் பொறுத்த முடிவு. ஆகவே அந்த எதிர்பார்ப்பு நிறைவேறக்கூடியதுதானா என்று சோதித்துப் பார்க்கலாம். அப்படி ஒரு சோதனை உண்மையிலேயே நடந்திருக்கிறது.

2014-இல் நிப்ஸ் மாநாட்டின் நிகழ்ச்சித் தலைவர்களாக இருந்த கொரின்னா கார்ட்டெஸ், நீல் லாரன்ஸ் இருவரும் துணிச்சலான ஒரு காரியம் செய்தார்கள். வந்த கட்டுரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை, அதாவது 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார்கள். அவற்றில் 43 கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் எதிரெதிராக இருந்தது. நான்கில் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் எப்படியும் நிராகரிக்கப்படுபவை. அவற்றில் ஒத்துப்போவது எளிது. ஏற்கப்பட்டவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஒரு குழு ஏற்றவற்றில் சுமார் 57 சதவீதத்தை மற்ற குழு நிராகரித்திருந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 22.5 சதவீதம் கட்டுரைகளே ஏற்கப்பட்டன. யாரும் படிக்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் இந்த முரண்பாடு 77.5 சதவீதமாக இருந்திருக்கும். ஆக, மதிப்பாய்வு குலுக்கலைவிட நிச்சயமாக மேலானது; ஆனால் நாம் நம்பிக்கொண்டிருக்கும் துல்லியத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி 2021-இல் அதே மாநாடு இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தது. அதற்குள் வரும் கட்டுரைகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன. இம்முறை 882 கட்டுரைகள் இரண்டு குழுக்களுக்குப் போயின. சுமார் 23 சதவீதத்தில் முடிவுகள் முரண்பட்டன. தேர்வை மறுபடி நடத்தினால் ஏற்கப்பட்ட பட்டியலில் ஏறத்தாழ பாதி மாறிவிடும் என்று தெரிந்தது. அதே 2021-இல் கார்ட்டெஸும் லாரன்ஸும் 2014 கட்டுரைகளின் பின்வாழ்வைத் தேடிப் போனார்கள். ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பாய்வாளர்கள் தந்த மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் பிற ஆய்வுகளில் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களுக்கும் தொடர்பே காணவில்லை. நிராகரிக்கப்பட்டவற்றில் மட்டும் ஓரளவு தொடர்பு இருந்தது. மதிப்பாய்வு முறை மோசமான கட்டுரைகளைக் கண்டுபிடிப்பதில் தேறுகிறது, நல்லவற்றைக் கண்டுபிடிப்பதில் தேறவில்லை என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு. விருது தரப்படுவதோ பட்டியலின் மேல்முனையில், அதாவது இந்தக் கருவிக்குப் பார்வை மங்கும் இடத்தில். அரிசி நிறுக்கும் தராசில் தங்கத்தை வைத்து, இது அதைவிடக் குன்றிமணி எடை கூடுதல் என்று அறிவிப்பது போன்ற காரியம் இது. தராசு பொய்யல்ல, அதனால் அளக்க முடியாததை அளக்கச் சொல்கிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விருது பெற்ற கட்டுரைகள் மற்றவற்றைவிட அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றனவே, அப்படியானால் குழுக்கள் சரியாகத்தானே தேர்ந்தெடுக்கின்றன? பிரேசிலின் ஜாக் வெய்னரும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். விருது பெற்ற கட்டுரை ஒன்றையும் அதே மாநாட்டில் விருது பெறாத கட்டுரை ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், விருதுக் கட்டுரை அதிக மேற்கோள் பெற்றிருக்கும் வாய்ப்பு, மேற்கோள்களைத் திரட்டும் தளங்களான ஸ்கோபஸ் தரவுகளின்படி 0.72, கூகுள் ஸ்காலர் தரவுகளின்படி 0.78 என்று கண்டார்கள். நாணயம் சுண்டினால் 0.5 வரும், ஆகவே விருதுக்குப் பொருள் இருக்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. கணினிப் பார்வைத் துறையின் சி.வி.பி.ஆர். மாநாடு 2016-இல் ரெஸ்நெட் என்ற வலையமைப்பின் கட்டுரைக்கும், கணினிமொழியியலின் என்.ஏ.ஏ.சி.எல். மாநாடு 2019-இல் பெர்ட் என்ற மொழி மாதிரியின் கட்டுரைக்கும் விருது கொடுத்தன. இரண்டும் தத்தம் துறைகளின் போக்கையே மாற்றியவை. குழுக்களின் கணிப்பு பலிப்பதும் உண்டு. ஆனால் அதே 0.72-ஐ மறுபுறமிருந்து படித்தால், எந்தச் சிறப்பும் சொல்லப்படாத ஒரு சாதாரணக் கட்டுரைகூட நான்கில் ஒரு தடவைக்கு மேல் விருதுக் கட்டுரையை முந்துகிறது. ‘மாநாட்டிலேயே சிறந்தது’ என்ற பட்டத்துக்கு இது போதாது. 2009-இல் கிறிஸ்டோஃப் பார்ட்நெக், ஜுன் ஹூ இருவரும் சி.எச்.ஐ. மாநாட்டுத் தொகுப்புகளை ஆராய்ந்தபோது, விருதுக் கட்டுரைகள் தற்செயலாக எடுத்த மற்றவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் மேற்கோள் பெறவில்லை என்றே கண்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. விருது அறிவித்தவுடன் அந்தக் கட்டுரையைப் பலர் படிக்கிறார்கள். படிப்பவர் கூடினால் மேற்கோளும் கூடும். தேர்வின் திறமை எவ்வளவு, விருது தானே ஈட்டிக்கொடுத்த புகழ் எவ்வளவு என்று இந்த எண்ணுக்குள் பிரித்துக் காண்பது கடினம்.

தராசின் துல்லியக் குறைவு எல்லோரையும் சமமாகப் பாதித்தால் அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் அது ஒரு பக்கம் சாயவும் செய்கிறது. 2017-இல், இணையத் தேடலையும் தரவு அகழ்வையும் ஆராயும் டபிள்யூ.எஸ்.டி.எம். மாநாட்டில் ஆண்ட்ரூ டாம்கின்ஸும் சக ஆய்வாளர்களும் ஒவ்வொரு கட்டுரையையும் நான்கு பேரிடம் கொடுத்தார்கள். இருவருக்கு எழுதியவர் பெயர் தெரியும்; இருவருக்குத் தெரியாது. பெயர் தெரிந்தவர்கள் புகழ்பெற்ற ஆய்வாளரின் கட்டுரைக்கும், முன்னணிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரைக்கும், பெரிய நிறுவனங்களிலிருந்து வந்த கட்டுரைக்கும் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பெரிய நிறுவனத்தின் கட்டுரை ஏற்கப்படும் சாதகம் ஏறத்தாழ இருமடங்கானது. இன்று பல கட்டுரைகள் மாநாட்டுக்கு முன்பே இணையத்தில் திறந்த களஞ்சியங்களில் வெளிவந்துவிடுகின்றன. எங்கும் பேசப்படும் கட்டுரை யாருடையது என்று விருதுக்குழுவினருக்குத் தெரியாமல் இருப்பது கடினம். பெயரை மறைத்த படியைப் பார்த்து மட்டும் நீதி கிடைத்துவிட்டது என்று நாம் நிம்மதி கொள்ள முடியாது.

இதன் விளைவு ஒரு சான்றிதழோடு நிற்பதில்லை. அறிவியலில் ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1968-இலேயே விளக்கியிருந்தார். 2018-இல் நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நிதித் திட்டம் ஒன்றை டைஸ் போலும் உடன் ஆய்வாளர்களும் அலசினார்கள். வெட்டெல்லைக்கு மயிரிழை மேலே நின்று நிதி பெற்றவர்களையும் மயிரிழை கீழே நின்று இழந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தகுதியில் இருசாராரும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் வென்றவர்கள் திரட்டிய ஆய்வு நிதி, தோற்றவர்கள் திரட்டியதைப் போல இருமடங்குக்கும் மேல். அந்த ஆய்வு நிதியைப் பற்றியது, மாநாட்டு விருதைப் பற்றியதல்ல. ஆனாலும் மயிரிழை வேறுபாட்டை நாம் மலைபோல் நடத்தினால் அது நாளடைவில் உண்மையான மலையாகவே ஆகிவிடும் என்பதை அது காட்டிவிட்டது. ஒரே ஒரு கட்டுரைக்கு முடி சூட்டும் விருதில் அடங்கிய அநீதி இதுதான். இரண்டாவதாக வந்த கட்டுரையை எழுதிய மாணவி அந்த விருதைத் திறமைக் குறைவால் இழக்கவில்லை. வேறு ஐந்து பேர் குழுவில் இருந்திருந்தால் அது அவருக்கே கிடைத்திருக்கவும் கூடும்.

அப்படியானால் காத்திருக்கலாமே என்பது அடுத்த யோசனை. மாநாடுகள் பலவும் இதை ஏற்கெனவே செய்கின்றன. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன் தம் மேடையில் வெளிவந்த கட்டுரைகளைத் திரும்பிப் பார்த்து, காலத்தால் நிலைத்தது எதுவென்று தேர்ந்தெடுக்கும் விருது அது. தரவுத்தளத் துறையின் வி.எல்.டி.பி. மாநாடு பத்தாண்டு விருது தருகிறது. கணினிப் பார்வைத் துறையில் லாங்கெட்-ஹிக்கின்ஸ் பரிசு இருக்கிறது. இணைய ஆய்வாளர்களின் உலகளாவிய வலை மாநாடு 2015-இல் தன் முதல் ‘காலச் சோதனை’ விருதை, கூகுள் தேடுபொறியை விவரித்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரைக்காக செர்கே பிரின், லாரி பேஜ் இருவருக்கும் வழங்கியது. சொற்களை எண்களாக மாற்றும் வேர்ட்2வெக் முறையின் முதல் கட்டுரையை 2013-இல், நிப்ஸின் துறையையே சேர்ந்த ஐ.சி.எல்.ஆர். மாநாடு நிராகரித்தது; அதே முறையை வளர்த்தெடுத்து அதே ஆண்டு நிப்ஸில் வெளிவந்த கட்டுரைக்குப் பத்தாண்டு கழித்து, 2023-இல், நியூரிப்ஸ் காலச் சோதனை விருது தந்தது. காலம் நல்ல நடுவர் என்பதில் ஐயமில்லை.

இருவகை விருதுகளும் ஒன்றையே அளக்கின்றன என்று நினைப்பவர்களுக்கு ஆடம் என்ற வழிமுறையின் கதை தெளிவு தரும். நரம்பணு வலையமைப்புகளைப் பயிற்றுவிக்கும்போது பிழையைப் படிப்படியாகக் குறைக்கும் கணக்கு முறை அது. டீடெரிக் கிங்மா, ஜிம்மி பா இருவரும் 2015-இல் ஐ.சி.எல்.ஆர். மாநாட்டில் அளித்தது. அது சரியான விடையை எட்டும் என்பதற்கு அவர்கள் தந்திருந்த கணித நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. கூகுளைச் சேர்ந்த சஷாங்க் ரெட்டி, சத்யேன் காலே, சஞ்சீவ் குமார் மூவரும் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, எளிய எடுத்துக்காட்டு ஒன்றிலேயே ஆடம் சரியான விடைக்குப் போய்ச் சேராது என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரைக்கு 2018-இல் அதே மாநாடு சிறந்த கட்டுரை விருது அளித்தது. 2025-இல் ஆடம் கட்டுரைக்கே காலச் சோதனை விருதும் வந்தது. இங்கே எந்தக் குழுவும் தவறவில்லை. 2018-இல் தலைசிறந்தது கூர்மையான கணித வாதம். 2025-இல் தலைசிறந்தது உலகெங்கும் எண்ணற்ற ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் பயன். சிறப்பு என்பது ஒரே கோட்டில் ஏறி இறங்கும் அளவல்ல. சரியான நிரூபணம், புதிய கேள்வி, உழைத்துத் திரட்டிய தரவு, பரவலான பயன் எல்லாம் தனித்தனிச் சிறப்புகள். அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி முதலிடம் கேட்பதே முறையற்ற கேள்வி.

பத்தாண்டுத் தீர்ப்பு மட்டும் போதும், மேற்கோள்களை எண்ணிக் கொடுத்துவிடலாம், அதில் பாரபட்சம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கைக்கு முகம் பார்க்கத் தெரியாது என்பது உண்மை; ஆனால் அந்த எண்ணிக்கையை உண்டாக்குபவர்களுக்குத் தெரியும். கூட்டம் அதிகமுள்ள துறையில் எழுதியவருக்கு மேற்கோள் தானாக வரும். தமிழைக் கணினிக்குக் கற்பிக்கும் ஆய்வு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதைப் பின்தொடர்ந்து எழுதக்கூடியவர்கள் ஆங்கிலத்தை ஆராய்பவர்களில் சிறு பங்குதான். எண்ணிக்கை மட்டுமே அளவுகோலானால் அந்த ஆய்வு என்றும் பின்வரிசையில்தான் இருக்கும். அதோடு பத்தாண்டு கழித்து விருது வரும்போது எழுதியவர் பெரும்பாலும் நிலைபெற்ற பேராசிரியராகவோ நிறுவனத் தலைவராகவோ ஆகியிருப்பார். விருது அதிகம் தேவைப்படும் இளம் ஆய்வாளருக்கு அது மிகத் தாமதம். ஆகவே காலச் சோதனை விருது வேண்டும். ஆனால் அது உடனடி விருதின் இடத்தை நிரப்பாது.

உடனடி விருதை என்ன செய்வது? விரிவாக்க வேண்டும், வகைப்படுத்த வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. கணினிமொழியியலின் ஏ.சி.எல். அமைப்பு இந்த வழியில் கணிசமாக நடந்திருக்கிறது. 2023-இல் டொரண்டோவில் நடந்த அதன் மாநாட்டில் 73 கட்டுரைகள் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. அவற்றிலிருந்து மூன்று சிறந்த கட்டுரைகளோடு 39 தலைசிறந்த கட்டுரைகளும் அறிவிக்கப்பட்டன. சமூகப் பயன், தரவு வளம், பழைய ஆய்வைத் திரும்பச் செய்து சரிபார்த்தல், அந்த ஆண்டின் கருப்பொருள் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சிறப்பு விருதுகள் இருந்தன. தரவைத் திரட்டுவதும் அடுத்தவரின் முடிவைச் சரிபார்ப்பதும் அறிவியலின் முதுகெலும்பு. ஆனால் பகட்டான புதிய வழிமுறைக்கு அருகில் வைத்தால் இவை எந்தக் குழுவின் வாக்கெடுப்பிலும் வெல்வது அரிது. தனி வகை இருந்தால்தான் இவற்றுக்கு வெளிச்சம் கிடைக்கும். நியூரிப்ஸ் அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு விருதுக்கும் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு பத்தி எழுதி வெளியிடுகிறது. இதுவும் நல்ல பழக்கம். காரணம் எழுத வேண்டியிருந்தால் குழு யோசித்தே ஆக வேண்டும். படிப்பவருக்கும் அந்தக் காரணத்தோடு வாதாட ஒரு பிடி கிடைக்கும்.

இப்படி அள்ளிக் கொடுத்தால் விருதின் மதிப்பு போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. அருமை இருந்தால்தான் பெருமை என்பது மனித இயல்பு. ஆனால் எந்த அருமையை நாம் காப்பாற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். சமமான பத்துக் கட்டுரைகளில் ஒன்றை மட்டும் எடுத்து மற்ற ஒன்பதையும் விட்டுவிட்டால் கிடைப்பது செயற்கையான அருமை. அதன் மதிப்பு உயர்வாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குள் இருக்கும் தற்செயலின் அளவை நாம் மறைத்து வைத்திருப்பதுதான். தராசு எந்த அளவுக்கு நுட்பமோ அந்த அளவுக்கே தீர்ப்பும் நுட்பமாக இருக்கட்டும். இரு வேறு குழுக்கள் அமர்ந்தாலும் பெரும்பகுதி ஒத்துவரும் அளவுக்குப் பட்டியலை அகலமாக்கினால், அதில் இடம்பெறுவதற்கு உண்மையான பொருள் இருக்கும். நிரல்மொழித் துறையில் பத்து சதவீதம் வரை கொடுக்க விதி இடம் தந்த பிறகும் அந்தத் துறையினர் அந்த விருதை மதிக்காமல் விட்டுவிடவில்லை. அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏற்கப்பட்டவற்றில் பாதிக்கு விருது என்றால் அது வெறும் வரவேற்புப் பத்திரமாகிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போய், இவ்வளவு குறை இருந்தால் விருதையே நிறுத்திவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்க முடியாது. ஒரே மாநாட்டில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் குவியும் காலம் இது. எதையும் யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் கவனம் தானாகவே பெரிய நிறுவனத்தின் விளம்பரத்தையும் பிரபலங்களின் சமூக ஊடகப் பதிவுகளையும் நோக்கிப் போகும். பெயர் தெரியாத ஊரிலிருந்து, பெயர் தெரியாத வழிகாட்டியின் கீழ் எழுதும் மாணவருக்கு அந்த விளம்பர வலு இல்லை. அக்கறையோடு படித்த சிலர் ‘இது படிக்கத்தக்கது’ என்று சொல்வதுதான் அவருக்கு இருக்கும் வழி. மாணவர்களுக்கென்று தனி விருது வைத்திருக்கும் மாநாடுகள் இந்த வகையில் செய்வது பெரிய காரியம். குறையுள்ள தேர்வை நீக்கிவிட்டால் அந்த இடத்துக்கு வருவது அதைவிடக் குறையுள்ள தேர்வாகத்தான் இருக்கும்.

நம் நாட்டு வாசகர்களுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. பொறியியல் கல்லூரிகளில் ‘சர்வதேச மாநாடு’ என்ற பெயரில் நடக்கும் கூட்டங்கள் பலவற்றில் அமர்வுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறந்த கட்டுரைச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் இருக்கிறது. அறையில் எட்டுப் பேர் வாசிக்க, ஒரு பேராசிரியர் கேட்டு முடித்த கையோடு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். மாணவரை ஊக்குவிக்கும் நோக்கம் இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் வேலைவாய்ப்புக் குழு அதையும், பல கட்ட மதிப்பாய்வு கடந்து வந்த விருதையும் ஒரே வரியாகப் படித்தால் இருவருக்கும் அநீதி. கட்டணம் மட்டுமே குறியாக நடத்தப்படும் போலி மாநாடுகளும் விருதை ஒரு கவர்ச்சியாகக் காட்டி ஆள் பிடிக்கின்றன. 2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் சைஜென் என்ற நிரலைக்கொண்டு அர்த்தமே இல்லாத ஒரு கட்டுரையைக் கணினியிலேயே உருவாக்கி டபிள்யூ.எம்.எஸ்.சி.ஐ. மாநாட்டுக்கு அனுப்பினார்கள், மதிப்பாய்வு செய்யப்படாமலேயே அது ஏற்கப்பட்டது. படிக்காமல் ஏற்கும் இடத்தில் படிக்காமல் விருதும் தர முடியும்.

ஆகவே ஒரு விருதைக் காணும்போது, அதை வாங்கியவரை மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை கட்டுரைகளிலிருந்து எத்தனை தேர்ந்தெடுக்கப்பட்டன? தேர்ந்தெடுத்தவர்கள் யார், அவர்களுக்கும் வென்றவருக்கும் தொடர்பு உண்டா? எந்தச் சிறப்புக்காகக் கொடுத்தார்கள், அந்தக் காரணம் எழுத்தில் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டுரையை நான் படித்தேனா? கடைசிக் கேள்வியைத் தவிர்ப்பதற்கான குறுக்குவழியாகத்தான் விருது இன்று அதிகம் பயன்படுகிறது. அதன் பிறப்பு நோக்கம் நேர் எதிரானது. படிக்கவைப்பதற்காகவே அது தோன்றியது. மாநாடுகள் தங்கள் விதிகளை அச்சிட்டு, பட்டியலை அகலமாக்கி, காரணத்தை வெளிப்படையாக எழுதட்டும். பல்கலைக்கழகங்கள் விருதுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, விண்ணப்பதாரர் தம் ஆய்வில் சிறந்தவை என்று தாமே தரும் மூன்று கட்டுரைகளைப் படித்து முடிவெடுக்கட்டும். இதற்கு நேரம் பிடிக்கும், உழைப்பு வேண்டும். ஆனால் ஒருவரின் பல ஆண்டு உழைப்பைத் தீர்மானிக்க உட்காருபவர் அந்த அளவு உழைப்பையாவது திருப்பித் தர வேண்டியவர்தான்.